முதல் ஐந்தும் ஓர வாங்கும்

பிள்ளையார் துணை

பீலெஃபெல்ட்,
ஞாயிற்றுக்கிழமை, 22 ஏப்ரல் 2007

அன்பு மகன் சுதீருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் எழும்பி நடமாடித் திரிகிறோம், நீயும் அந்தக் கல்கரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனையை எடுத்தேன். ஃபோன் இருக்க அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். ஃபோனில் கதைத்தால் அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு நான் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் திருத்தம் சொல்லுவார். இது அவரைப் பற்றிய விஷயம், அதனால் அவர் பாண் பக்டரிக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். அவருக்குப் பிரஷர் கூடியது உனக்குத் தெரியும். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். ஆனால் அது உப்பால் வந்த பிரஷர் இல்லை அப்பன், உன் தங்கச்சியின் கூடைப்பந்தால் வந்த பிரஷர்.

நிரஞ்சனாவை இந்த முறை கிளப்பில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளின் அணிக்கு எடுத்தார்கள் அல்லவா, பதினாறு வயதில் அதில் எடுபடுவது பெரிய காரியம் என்று அவர்களைப் பழக்குகிற பிரிகிட்டே சொன்னாவாம். அப்பாவுக்கு அது போதும். முதல் மேட்சுக்கே ஞானப்பிரகாசம் அண்ணை குடும்பத்துக்கும் சிவகௌரி அக்கா குடும்பத்துக்கும் கல்யாணத்துக்குச் சொல்வதுபோல வீட்டுக்குப் போய்ச் சொல்லி, வீடியோக் கமரா ஒன்றும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். நானும் ரோல்ஸ் பொரித்துக் கட்டிக்கொண்டு போனேன். விசில் ஊதியதும் ஐந்து பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். எங்கள் பிள்ளை ஜாக்கெட்டைப் போட்டபடி, மாற்றாட்கள் இருக்கிற ஓரத்து நீட்டு வாங்கில், தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வாங்கையே வீடியோ எடுத்தார். ஞானப்பிரகாசம் அண்ணை மெல்லக் குனிந்து, பிள்ளைக்குச் சுகமில்லையோ, சும்மா இருத்தி வைத்திருக்கினம் என்று கேட்டார். நல்ல சாமானை முதலே வெளியில் எடுக்க மாட்டினம் அண்ணை, பிறகு விடுவினம் என்று அப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். சொன்னபடியே பிறகு விட்டார்கள். அவள் போன பிறகுதான் ஆட்டமே சூடு பிடித்தது, பந்தைப் பறிப்பதும் ஓடுவதும் கொடுப்பதுமாக நின்றாள், கடைசி விசில் ஊதுகிறவரை அவளை வெளியே எடுக்கவில்லை, வென்றார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுபோன சங்கதி ஒன்றுதான், வாசுதேவனின் மகளை இருத்தி வைத்தார்கள்.

அந்தக் கிழமை முழுக்கத் தமிழ்க் கடையில் இதே கதை. நிறம்தான் காரணம் என்றார்கள் சிலர். முதல் ஐந்தில் நிற்கிற ஒரு பிள்ளையின் தகப்பன் கானாக்காரர் என்று நான் சொன்னேன், அதை ஒருவரும் காதில் போடவில்லை. உயரம் போதாது என்றார்கள் வேறு சிலர். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைக்கு மரக்கறி கொடுப்பதுதான் பிழை என்று சிவகௌரி அக்கா கண்டுபிடித்தா. அவவின் மகன் உதைபந்தாட்டத்தில் கோல் காக்கிறவன், போன மாதம் ஒரே மேட்சில் ஒன்பது கோல் விட்டவன். என்றாலும் என்ரை பிள்ளை முதல் நிமிஷத்திலை இருந்து நிண்டவன் என்று அவ நிமிர்ந்துகொண்டு சொல்ல, அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். இருபது வருஷமாக வராத ஜெர்மன் எல்லாம் அவருக்கு இந்த மாரிக்குள் வந்துவிட்டது. முதலில் இறங்குகிற ஐந்து பேருக்கு ஸ்டார்ட்ஃபுன்ஃப் என்று பெயராம், தேத்தண்ணி குடிக்கும்போதும் அதுதான், சப்பாத்துக் கட்டும்போதும் அதுதான்.

கடைசியில் பிரிகிட்டேயைச் சந்திக்க நாள் குறித்து ஒரு டெர்மின் எடுக்க வேண்டும் என்று நின்றார். அவ ஒரு பல் டொக்டரிடம் வேலை செய்கிற மனுஷி, டெர்மின் ஒன்றும் வேண்டாம், பயிற்சி முடிய வாருங்கள் என்றிருக்கிறா. அப்பா கல்யாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி வடையோடு போனார், நானும் கூடப் போனேன். அவ வடையைக் கடித்துக்கொண்டே பொறுமையாக விளங்கப்படுத்தினா. முதல் ஐந்து பேரும் பலம் காட்டி எதிராளியைக் களைக்க வைப்பார்களாம், நிரஞ்சனா இருந்து பார்த்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து உள்ளே போய் அதை அடைக்கிறவளாம், அப்படிப் பார்க்கிற கண் இந்த அணியில் வேறு ஒருவருக்கும் இல்லையாம், ஆட்டத்தைத் தொடங்க ஐந்து பேர் கிடைப்பார்களாம், முடிக்கத்தான் ஆள் கிடைக்காதாம். எனக்கு அது மனத்துக்குள் தேன் விட்டமாதிரி இருந்தது. அப்பாவும் தலையைத் தலையை ஆட்டினார். காரில் ஏறியதும் சொன்னார், “அவ சொல்லுறது எனக்கு வடிவா விளங்குது சியாமளா. ஞானப்பிரகாசம் அண்ணைக்கு ஆர் விளங்கப்படுத்துறது?”

அதை விளங்கப்படுத்த முடியாதபடியால் போராட்டம் தொடங்கினார்கள். ஞானப்பிரகாசம் அண்ணை வீட்டு வரவேற்பறையில் கூட்டம். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் அம்புறோஸ் தலைமை, அவர் வாழ்க்கையில் ஆடிய ஒரே விளையாட்டு கரம்போட். கூடைப்பந்தைக் கையால் தொட்டவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை, ஆனபடியால் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை. எல்லோரும் திரண்டு போய்க் கைதட்டி, எங்கள் பிள்ளைக்குப் பின்னால் ஒரு சனம் இருக்கிறது என்று காட்டுவது என்று முடிவானது. போனார்கள். இவ்வளவு காலமும் நாலைந்து பெற்றோரைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்காத மண்டபம் நிறைந்துவிட்டது. பிரிகிட்டே அதை எதிர்ப்பு என்று எடுக்கவில்லை, பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இப்படி ஒரு ஆதரவா என்று கண் கலங்கி, ஒலிபெருக்கியில் தமிழ்ச் சமூகத்துக்கு நன்றி சொன்னா. நன்றி சொன்னவவை எப்படி எதிர்ப்பது? ஆட்களுக்கு ஒன்றும் ஓடவில்லை, ரோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

பிறகு அப்பா ஹாம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போனார். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, பிள்ளை முதல் ஐந்துக்குள் வர வேண்டும் என்று சொல்ல, ஐயர் அது வகுப்பில் என்று நினைத்துப் படிப்புக்குரிய மந்திரத்தை உருகி உருகிச் சொன்னார். அம்மன் என்ன விளங்கினாவோ தெரியாது, அடுத்த கிழமை முதல் ஐந்தில் நிற்கிற லேனா என்ற பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். அதைக் கேட்டு அப்பா ஐயோ பாவம் என்று சொன்னபோது அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். லேனாவுக்குப் பதிலாக நிரஞ்சனா தொடங்குவாள் என்றதும் எல்லோருக்கும் ஃபோன் பறந்தது.

தொடங்கினாள் மகன். மேலே எங்கள் ஆட்கள் எழும்பி நின்று தட்டிய தட்டில் பிள்ளை பந்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தாள். எதிர் அணியை ஒரு நிமிஷமாவது இருந்து பார்க்கக் கிடைக்கவில்லை, எங்கே ஓடுவது என்று தெரியவில்லை, அவசரத்தில் ஒருத்தியை இடித்தாள், அடுத்ததாக இன்னொருத்தியை இடித்தாள், பந்தை எதிராளியின் கையிலேயே கொடுத்தாள். பிரிகிட்டே அவளை வெளியே எடுத்துத் தோளில் கை வைத்துக் கதைத்தா. அன்றைக்கு அடைப்பதற்கு நிறைய ஓட்டை இருந்தது, அடைக்கிற ஆள்தான் இல்லை. கேவலமாகத் தோற்றார்கள். ஆனால் வீட்டில் பாயாசம். பிள்ளை முதல் ஐந்தில் நின்றுவிட்டாள் என்று அம்புறோஸ் ஒரு சின்னப் பேச்சே பேசினார், தோற்றதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நிரஞ்சனா அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள், பாயாசம் ஒரு வாய் வைக்கவில்லை. வந்தவர்களுக்குப் பிள்ளை களைத்துப் போனாள் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மேட்ச் மிச்சம், பாடர்போர்ன் அணியோடு. அதில் வென்றால் வருகிற வருஷம் மேல் பிரிவில் விளையாடலாம், தோற்றால் இருந்த இடம்தான். பிரிகிட்டே நிரஞ்சனாவையே கேட்டிருக்கிறா, லேனா சுகமாகி வந்துவிட்டாள், ஆனால் நீ தொடங்க விரும்பினால் உன்னைத் தொடங்க விடுகிறேன், உன் வீட்டாருக்கு அது முக்கியம் என்று விளங்குகிறது, யோசித்துச் சொல்லு என்று. இவள் பின்னேரம் மேசையில் சோற்றைப் பிசைந்துகொண்டு அதைச் சொன்னாள். அப்பாவின் முகம் மலர்ந்தது. இவள் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, நான் வாங்கிலை இருந்துதான் வரப்போறன். இருந்து பாத்தா ஆருக்குக் களைக்குது, ஆர் ஒரு கையாலை மட்டும் விளையாடுறா எண்டு எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு போனா எனக்குப் பயமில்லை. அண்டைக்கு எனக்குப் பயமா இருந்தது” என்றாள். அப்ப சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது என்றார் அப்பா. “சனத்தை நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வாறனீங்கள்” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை மகன், சும்மா சொன்னாள். அப்பா கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். இரண்டு நாள் எங்கள் வீட்டில் ஸ்டார்ட்ஃபுன்ஃப் என்ற சொல் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போய், இந்த முறை ஒருவரும் மினக்கெட்டு வர வேண்டாம் என்று எல்லோருக்கும் சொன்னார். வர வேண்டாம் என்றால் என்னவோ இருக்கிறது என்று ஒருவர் மிச்சமில்லாமல் வந்தார்கள். விசில் ஊதியது, பிள்ளை வாங்கில் இருந்தாள். ஞானப்பிரகாசம் அண்ணை அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தானாகக் கேட்டுத்தான் வாங்கில் இருக்கிறாள் அண்ணை என்று அப்பா சொன்னார். அண்ணை அவருடைய முதுகைத் தடவினார், செத்த வீட்டில் தடவுகிறமாதிரி. ஒருவரும் நம்பவில்லை. அப்பா அதையும் தாங்கிக்கொண்டு பிள்ளையையே பார்த்தபடி இருந்தார், கல்யாணம் முடித்த இந்த இருபத்தேழு வருஷத்தில் அவரை நான் இவ்வளவு விருப்பத்தோடு பார்த்தது குறைவு.

பாடர்போர்ன் பிள்ளைகள் பெரிய பிள்ளைகள், நாங்கள் பின்தங்கிப் போனோம். நிரஞ்சனா இறங்கினாள், அவர்களுடைய நெட்டைப் பிள்ளை ஒருத்தி இடக்கைக்காரி, அவளுடைய அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றாள், மெல்ல மெல்லச் சமனாக்கிவிட்டார்கள். முடிகிற நேரத்தில் எங்கள் பிள்ளைக்கு ஐந்தாவது தரமும் பிழை என்று விசில் ஊதினார்கள். ஐந்து பிழை விட்டால் பிறகு உள்ளே நிற்க ஏலாது, அது சட்டம். அவளுக்குப் பதிலாக, வாங்கின் கடைசியில் இருந்த பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு மெல்லிய பிள்ளை எழும்பினாள், பயத்தில் ஜாக்கெட்டைக் கழற்ற மறந்து அப்படியே உள்ளே போகப் பார்த்தாள். நிரஞ்சனா அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து, நெட்டைப் பிள்ளையைக் காட்டிக் காதுக்குள் என்னவோ சொல்லி அனுப்பினாள். எங்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போனது, எங்கள் பிள்ளை வெளியே வந்தபிறகு எங்களுக்கு அங்கே என்ன வேலை, சிவகௌரி அக்கா கைப்பையைக்கூட எடுத்துவிட்டா. அப்பா மட்டும் பக்கத்தில் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரரைத் தட்டி, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். வீப்கே, என்னுடைய மகள் என்றார் அந்த மனுஷன். வருஷம் முழுக்க ஒரு மேட்ச் விடாமல் வந்தவராம், மகள் உள்ளே இறங்கி ஒரு நாளும் பார்க்கவில்லையாம்.

அப்பா எழும்பி நின்றார். வீப்கே, வீப்கே என்று தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் ஆட்களுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு அவர்களும் எழும்பினார்கள், வாயில் வந்தபடி வீப்கா என்றார்கள், அம்புறோஸ் தீபிகா என்றே கத்தினார், மண்டபம் அதிர்ந்தது. அந்தப் பிள்ளையை ஒருத்தி இடித்துவிட்டாள், அவளுக்கு இரண்டு தரம் கூடைக்குள் போடச் சந்தர்ப்பம் கிடைத்தது. முதலாவது வளையத்திலும் படவில்லை. இரண்டாவது வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே விழுந்தது. ஒரு புள்ளியால் வென்றோம். அந்த ஜெர்மன்காரர் அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை, இரண்டு ஆம்பிளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். கீழே வாங்குக்கு மேல் ஏறி நின்று எங்கள் பிள்ளை கத்திய கத்தில் அவளுக்கு இன்றைக்கும் குரல் அடைத்துத்தான் கிடக்கிறது, கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன்.

இப்போது புதுக் கதை. வருகிற வருஷம் பெரிய பெண்களின் அணியோடும் சேர்ந்து பழக வா என்று பிரிகிட்டே கேட்டிருக்கிறா, அங்கே எல்லோரும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர், முதல் வருஷம் இறங்கக் கிடைக்குமோ தெரியாது என்றும் சொல்லித்தான் கேட்டிருக்கிறா. இவள் துள்ளிக்கொண்டு ஓம் என்றுவிட்டாள். அப்பா கேட்டது ஒன்றுதான், அங்கை வாங்கு எவ்வளவு நீளம் என்று. இவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், அப்பாவும் பிறகு சிரித்தார்.

வேறென்ன மகன். உன்னை அந்தப் புதுப் பாலத்து வேலையில் இரண்டாவது இஞ்ஜினியராகப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தனியாகச் சொன்னாய் அல்லவா, குரல் கொஞ்சம் விழுந்தமாதிரி இருந்தது. நான் புத்தி சொல்ல வரவில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டு நில், அவ்வளவுதான். அப்பாவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே, அவர் திருந்தி ஒரு கிழமைதான் ஆகிறது, கல்கரிக்கு டிக்கட் போட்டாலும் போடுவார். வார விடுமுறையில் தங்கச்சிக்கு ஃபோன் எடு, குரல் வராவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். தலைக்கு எண்ணெய் வை, நான் அனுப்பிய மிளகாய்த்தூளைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காதே, கட்டிபட்டுப் போகும். உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் கூட நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா
சியாமளா வாசுதேவன்