ஸ்டியரிங் மூட்டில் சந்தனம்

1974 ஐப்பசி, வெள்ளி இரவு.

நாளை என் மனைவி செல்லத்தைப் பிரசவத்துக்காக ஜீப்பில் போடிக்குக் கூட்டிப் போக வேண்டும். இன்று எஸ்டேட் ரோட்டில் திருப்பும்போது ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. நாளை போடிமெட்டு மலைப்பாதை வளைவில் இப்படி ஆனால்?

சக்கரத்தருகே படுத்துப் பார்த்தேன். தேய்ந்த ஸ்டியரிங் மூட்டின் கிழிந்த ரப்பர் உறைக்குள், கிரீஸோடு சந்தனம் காய்ந்து கெட்டித்துக் கிடந்தது. ஆயுத பூஜையன்று பொட்டு வைத்தது செல்லம்தான்.

"அங்க போயி யாராவது சந்தனத்தை அப்புவாங்களா?" என்று கத்தினேன்.

"அந்த இடந்தான் தேஞ்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. சாமி அங்கதானே நிக்கணும்?"

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். புது கிரீஸ் அடைத்து, சைக்கிள் ட்யூபால் உறையைக் கட்டினேன். இப்போது ஸ்டியரிங் சுலபமாகத் திரும்புகிறது. போடி வரை கவலையில்லை.

அந்த வயிற்றோடு எப்படித்தான் அவ்வளவு குனிந்தாளோ.