நீர் என்ற சொல்லை நீக்கினேன்

03 ஆடி 2025, வியாழன்

சோளகக் காற்று அலுவலகச் சாளரத்தை ஓயாமல் தட்டுகிறது. பிரதேச சபைத் தவிசாளர் நாற்காலியில் அமர்ந்து இன்றோடு முப்பது நாள். தமிழ் ஆசிரியையாய் இருந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் மேடைகளில் நெருப்பாய்ப் பேசியவள், இப்போது வடிகால்களுக்குக் கையொப்பம் இடுகிறேன். வெயில் மெல்ல மேசையில் ஏறிக் கோப்புகளைத் தொடும்போது எழுத்துகள் மிதக்கத் தொடங்கும். கண் சொக்கும்.

காலையில் புன்னைத்துறையிலிருந்து தங்கமுத்து அக்கா வந்தார். கரையோரச் சிற்றூர், அறுபத்துமூன்று குடும்பங்கள், கிணறெல்லாம் சவர், உப்பு. நம் சபையின் தண்ணீர் வண்டியோ பற்சக்கரப் பெட்டி உடைந்து ஆனி நடுவிலிருந்து கொட்டகையில் உறங்குகிறது. இரண்டு கட்டை தொலைவிலுள்ள தோட்டக் கிணற்றுக்கு மிதிவண்டியில் தண்ணீர்க் கான் கட்டிப் போகிறார்களாம்.

“மழை வர ஐப்பசி ஆகும், ரீச்சர். அதுமட்டும் எங்கடை முழங்கால் தாங்காது.”

அயற்சபையிடம் இரண்டு வண்டிகள் உள்ளன. கேட்டால் என்ன?

07 ஆடி, திங்கள்

கேட்டேன். அயற்சபைத் தவிசாளர் செபநாயகம் நல்லவர், மெதுவாகப் பேசுபவர். “வாரத்திலை மூண்டு நாள் ஒண்டைத் தரலாம், அக்கா. ஆனா ரண்டு சபையும் ஒரே வசனத்திலை தீர்மானம் எடுக்கவேணும். இல்லாட்டி வாகனம் எல்லை தாண்டேலாது.”

வசனத்தை நானே எழுதுகிறேன் என்றேன்.

11 ஆடி, வெள்ளி

தீர்மானத்தை எழுதி முடித்தேன். செயலாளர் சுபாஸ் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தார். “தண்ணி வண்டியைப் பவுசர் எண்டே போடுவம், அக்கா. வாகனப் பதிவேட்டிலையும் அப்பிடித்தான் கிடக்கு.”

நம் மொழிக்கு ஒரு வண்டியைச் சுட்ட வலுவில்லையா? நீர்க்கொள்கல ஊர்தி என்று எழுதினேன். பின்னர் வாய்விட்டுப் படித்தேன்: “புன்னைத்துறை மக்களின் இடர் தணிக்கும் பொருட்டு, அயற்சபைக்கு உரிய நீர்க்கொள்கல ஊர்திகளுள் ஒன்றனை…” அடி தடுக்கியது. ‘நீர்’ அங்கே மிகை. இடர் இன்னதென்று ஊரறியும். அதை எடுத்துவிட்டுப் படித்தேன். ஓடிற்று! பாயில் பூ உருள்வதுபோல் ஓடிற்று.

18 ஆடி, வெள்ளி

நம் அவையில் நிறைவேறியது. மேசை தட்டினார்கள்.

22 ஆடி, செவ்வாய்

அயற்சபையிலும் நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை! அவர்களுடைய கரையிலும் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, ஆயினும் எதிர்ப்பில்லை. செம்மையாய்ச் சொல்லப்பட்ட சொல்லுக்கு இத்தனை ஆற்றலா என்று வியந்துகொண்டே நண்பகலில் கண்ணயர்ந்தேன். கனவில் ஆளில்லா மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் துளியாகி நிலத்தில் விழுந்தது, கணுக்கால்வரை குளிர்ந்தது.

24 ஆடி, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தம்பி பிதிர்க்கடன் செய்ய, கீரிமலைக்குப் போனோம். பெண்கள் கேணியில் கழுத்தளவு நீரில் நின்றேன். கற்சுவருக்கு அப்பால் கடல் மோதுகிறது. இப்பால் ஊற்று இனிக்கிறது. அத்தனை பேர் மூழ்கி எழுந்தும் அடியில் கூழாங்கல் தெரிந்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் ஒரு நீர் எப்படித் தன்னை உப்பாகாமல் காத்துக்கொள்கிறது? நெடுநேரம் கரையேற மனம் வரவில்லை.

திங்களன்று வண்டி வரும்.

28 ஆடி, திங்கள்

வரவில்லை.

29 ஆடி, செவ்வாய்

செபநாயகத்தை அழைத்தேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“அக்கா, தீர்மானம் எடுத்த அண்டைக்கு நான் மன்னாரிலை, மகளின்ரை கலியாண அலுவல். உபதவிசாளர்தான் கூட்டம் நடத்தினவர். கொள்கல ஊர்தி எண்டா கப்பல் பெட்டி ஏத்துற லொறியாக்கும் எண்டு எங்கடை ஆக்கள் நினைச்சிட்டினம். எங்களிட்டை உது இல்லைத்தானே. இல்லாத சாமானைக் குடுக்க ஆர் எதிர்ப்பு?”

அதனால்தான் ஒருமனதாக! நேற்றுச் சாரதி பதிவேட்டைத் திறந்தாராம். அப்படியொரு வண்டி அதில் இல்லை. வண்டித் திறப்பைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டுப் போய்விட்டாராம்.

‘நீர்’ அந்த இடத்தில் நின்றிருந்தால் விளங்கியிருக்கும். ஓர் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். ஓசைக்காக — ஐயோ, ஓசைக்காக! தண்ணியை நானே வெட்டி எறிஞ்சுபோட்டு அது ஓடுது எண்டு ரசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். என்ன மனுசி நான்?

30 ஆடி, புதன்

புன்னைத்துறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அப்ப உங்கடை தமிழாலைதான் எங்களுக்குத் தண்ணி இல்லையோ?” என்றார் தங்கமுத்து. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஓம் என்றேன்.

அவர் மிதிவண்டியைத் திருப்பினார். “ரண்டு கானுக்கு மேலை கட்டினாச் சில்லு வளையுது, ரீச்சர். உங்கடை சொல்லிலையும் ஒண்டு கட்டி விடுங்கோ, பாரமில்லைத்தானே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

08 ஆவணி, வெள்ளி

அயற்சபை சிறப்புக் கூட்டம் கூட்டியது. இம்முறை தீர்மானத்தில் வண்டி இன்னதென்று தெளிவாயிருந்தது. ஆகவே எதிர்ப்பும் தெளிவாயிருந்தது. எங்கடை சனத்துக்கே காணாது என்றார்கள். விருந்தினளாகப் பேச எனக்கு வாய்ப்பளித்தார்கள்.

நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. எல்லை என்பது மண்ணில் இல்லை, தாளில்தான் உள்ளது என்றேன். மின்விசிறியின் ஒலிகூட அடங்கிவிட்டதுபோல் இருந்தது. நானே என் குரலுக்குள் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிறகு வாக்கெடுத்தார்கள். ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்பது.

தேநீர் வேளையில் சிசிலியா என்ற உறுப்பினர் அருகில் வந்து அமர்ந்தார். இறங்குதுறை வட்டாரத்தவர், மீன் தரம்பிரித்து விற்ற கை. “நல்லாக் கதைச்சியள். எனக்கு மயிர் சிலிர்த்துது. முதல் கை தட்டினது நான்தான்.”

“ஆனால் எதிர்த்தீர்கள்.”

“ஓம், எதிர்த்து முதல் கை தூக்கினதும் நான்தான்.”

“ஏன்?”

பணிஸைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே சொன்னார்: “நாற்பது நிமிசம் கதைச்சனீங்கள். உங்களுக்கு என்ன வேணும் பிள்ளையள் எண்டு ஒருக்காக் கேட்டனீங்களோ?”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன்.

சந்தியிலிருந்து இறங்குதுறைவரை முப்பத்தெட்டு விளக்குகள் எரியவில்லை. விடிய முன்னம் பெண்கள் கைவிளக்குடன் கரைக்கு நடக்கிறார்கள். விளக்குகள் வாங்கிக் களஞ்சியத்தில் கிடக்கின்றன. கம்பத்தில் ஏற்றுவதற்கு ஏணி லொறி இல்லை. நம் சபையில் ஒன்று உண்டு. வாரத்தில் நான்கு நாள் வேப்பமரத்தின் கீழ் நிற்கிறது. அதை நாள்தோறும் என் சாளரத்தினூடாகப் பார்த்துக்கொண்டே கனவு கண்டிருக்கிறேன்.

13 ஆவணி, புதன்

செபநாயகத்தின் மேசையில் நால்வரும் கூடினோம். சிசிலியா சொல்லச் சொல்லச் சுபாஸ் எழுதினார். அவர்களின் பவுசர் வாரத்தில் மூன்று நாள் இங்கே. நம் ஏணி லொறி இரண்டு நாள் அங்கே. ஒரு சபைக்கு நெருக்கடி வந்தால் அதன் வாகனம் அன்று அதற்கே.

“ரீச்சர், பிழை திருத்தித் தாங்கோ,” என்று சுபாஸ் தாளை நீட்டினார். குரலில் சிறு குறும்பு. வசனங்கள் மாட்டுவண்டிபோல் குலுங்கிச் சென்றன. ‘தண்ணீர்’ நான்கு இடங்களில் வந்தது. ஒன்றையும் தொடவில்லை.

வெளியே கடல் ஆடிக் காற்று ஓய்ந்து பாயாய் விரிந்து கிடந்தது. நெடுநேரம் அதையே பார்த்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று இப்போது நினைவில்லை.

19 ஆவணி, செவ்வாய்

அங்கே எளிதாக நிறைவேறியது. இங்கேதான் இடி. “எங்கடை லொறி எங்கடை ஊருக்கு” என்று எழுந்தவர் என் கட்சிக்காரரே. “நம் மண்ணின் உடைமை நம் மக்களுக்கே, இம்மியும் அயலுக்கு இல்லை” — என் தேர்தல் மேடைப் பேச்சை ஏற்ற இறக்கத்தோடு எனக்கே ஒப்பித்தார். நன்றாகத்தான் இருந்தது.

மறுமொழியாக ஒன்று நாவில் எரிந்தது. விழுங்கினேன். “அண்டைக்கு நான் சொன்னது பிழை, தம்பி,” என்றேன். அவ்வளவே.

ஒரு வாக்கினால் வென்றது.

25 ஆவணி, திங்கள்

வந்தது.

11 புரட்டாதி, வியாழன்

காலையில் செபநாயகம் அழைத்தார். அவர்களின் மற்றப் பவுசர் பழுது. அவர்கள் கரையிலும் கிணறு இறங்கிவிட்டது. இன்று இங்கே வராது. ஒப்பந்தப்படி சரியே. ஆயினும் புன்னைத்துறைக்குக் கிளம்பினேன். என்ன சொல்லி ஆற்றுவது? வழிநெடுக ஒரு விளக்கத்தைக் கோத்துக்கொண்டு போனேன்.

தெருவோரத்தில், பவுசர் நிரப்பும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியைச் சரித்து வைத்திருந்தார்கள். ஆளைக் காணவில்லை. உள்ளிருந்து தங்கமுத்துவின் குரல் மட்டும் முழங்கியது.

“ஆர், ரீச்சரே? பவுசர் இண்டைக்கு வராது. தெரியும். சிசிலியா நேற்றுப் போன் பண்ணினவ.”

“உங்களுக்கு…”

“நேற்றே ரண்டு கான் மிச்சம் பிடிச்சு வைச்சிட்டம். அங்கையும் சனந்தானே. அதுகும் குடிக்கட்டும்.” தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்க்கும் ஓசை. “வெறுந் தாங்கியாக் கிடக்கேக்கைதானே கழுவலாம். சும்மா நிக்காமல் அந்த வாளியை இஞ்சாலை தாங்கோ.”

கோத்து வந்த விளக்கம் நெஞ்சிலேயே அவிழ்ந்து போயிற்று. சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு வாளியை நீட்டினேன். உள்ளே மங்கலான ஒளி; ஈர மணம்; கடலுக்கடியில் இருப்பதுபோல் ஓர் அமைதி. தலையை உள்ளே விட்டேன்.

“அக்கா, அந்த மூலையிலை இன்னும் பாசி கிடக்கு,” என்றேன்.

எந்த மண்டபத்திலும் என் குரல் இவ்வளவு நிறைந்து ஒலித்ததில்லை.