கேக்காம தேய்ச்ச தட்டு

என்னங்க,

தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க.

நேத்து நான் கத்தினது நியாயம்தான். சங்கிலிக் கூடையில வீசுற டிஸ்க் கோல்ஃப் தட்டு, அதுவும் ஃபைனலுக்குன்னு வாங்கின புதுசு, அதை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்களா? தச்சர் கை சும்மா இருக்காதே! பழைய தட்டு குளத்துல விழுந்து போச்சு. அது கூடைச் சங்கிலியில அடிபட்டு அடிபட்டு விளிம்பு மழுங்கினதாலதான் நேராப் போகும், புதுசு கடைசியில இடதுபக்கம் சாயுதுன்னு புலம்பினேன். உடனே தேய்ச்சிடறதா?

விடிஞ்சதும் அதே கடுப்போட வீட்டுக்குப் பின்னாடி நான் பழகுற கூடைக்கு வீசிப் பார்த்தேன். ஐயோ, நூல் பிடிச்ச மாதிரி நேராப் போய்க் கூடையில விழுந்துச்சுங்க! திரும்பத் திரும்ப வீசினேன், ஒரு தடவைகூட சாயல! வருஷக்கணக்கா அடிபட்டு வர்ற குணம், ஒரே ராத்திரியில! நடுவருக்கு ஃபோன் போட்டேன், லேசாத் தேய்ச்சா தப்பில்லையாம்.

சாயங்காலம் மைதானத்துக்குக் கண்டிப்பா வாங்க.

பி.கு.: கோபம் இன்னும் போகல. கேக்காம தொட்டது தப்பு தப்புதான்.

இன்னொண்ணு: தூரத்துலேர்ந்து கூடைக்குப் பக்கத்துல கொண்டு சேர்க்க வீசுற என் இன்னொரு தட்டும் புதுசுதான், அதுவும் இடதுபக்கம் சாயுது. உங்க பட்டறை மேசையில, உப்புத்தாளுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். வரும்போது கொண்டு வாங்க. இந்தத் தடவை நானே கேக்குறேன்.