கண்ணாடியில் படிந்த மூச்சு

சைகோன் சீமை, தலாத் மலை,
மார்கழி, 1936.

நான் முன்னமே சொன்னேன் அக்கா, இந்தக் குளிரில் நம் மூச்சே காரின் முன்கண்ணாடியில் நீராகப் படிந்து பாதையை மறைக்கும் என்று. உன் முழங்கால் வலி தேவலையா?

நம்மூர் மாட்டு வண்டிக்கு எல்லாமே விளக்கெண்ணெய்தானே என்று நேற்று அதைக் கண்ணாடியில் தடவினேன். இன்னும் மங்கிப்போனது. பள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக் கையால் காரை நிறுத்தி துரையின் உயிரைக் காப்பாற்றினேன். அவரோ என் மூச்சுதான் கெடுக்கிறதென்று வாயில் துணி கட்டச் சொல்லிவிட்டார். அவர் மூச்சு விடுவதில்லை போலும். உன் பழஞ்சேலை ஒன்று அனுப்பு.

என்னிடம் டிரைவர் வேலை பழக, காளைகளை விற்று உன் மகன் சுப்பராயலுவைக் கப்பலேற்றுவதாக எழுதியிருந்தாய். விற்காதே. காரை நிறுத்தியவன் டிரைவர் முத்துசாமி. "இன்னாடா பக்கிரி, கொல்லப் பாத்தியே!" என்றான். நான் கண்ணாடி துடைக்கிறவன், அக்கா.

தம்பி பக்கிரி