அக்கா துடைத்து வைத்த கூட்ஸ் வண்டிகள்

பகலெல்லாம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் கூட்ஸ் வண்டி நினைப்பிலேயே இருந்த என் அருமை அத்தானுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வருஷத் திவசம். வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. எனக்குத்தான் இடையில் சில நாள் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையைத் திறப்பேன், ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போடுவேன், பஞ்சர் எங்கே என்று பார்ப்பதற்குள் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். "அண்ணாச்சி, ஒடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் ரயிலுக்குத்தான் கேடு வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

முதலில் இதைக் கேளுங்கள். நம் தெருவுக்குக் கம்பம் நட்டு மின்சாரம் வந்துவிட்டது. உங்கள் வீட்டு முன்னறையில் பல்பு எரிந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "தூசியெல்லாம் இப்பம்லா தெரியுது" என்பதுதான். கேட்டுச் சிரித்தேன். அந்தப் பல்புக்கு நேர் எதிரே நீங்கள் செய்த சின்ன ரயில் நிற்கிற கண்ணாடி அலமாரி இருக்கிறது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்த ஏழு வண்டிகளும் எப்படி வந்தன என்று நினைத்துப் பார்க்கிறேன். சீமைக்குத் திரும்பிய ரயில்வே துரை ஒருவர், தம் பிள்ளைக்கு வாங்கி அவன் தொடாமலே கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சரக்கு வண்டி, துண்டு துண்டாக. ஒட்டி முடித்துவிட்டு, "அம்புட்டுதானா?" என்று வெறும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். அடுத்த வண்டியிலிருந்து துண்டுகளையும் நீங்களே வெட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப் போட்ட மெல்லிய மரத்தகடுதான் சுவர். என் கடையின் பழைய ஆரக்கம்பி அச்சு. கோட்டுப் பொத்தான் சக்கரம். எல்லாவற்றையும் அளந்து வெட்டி, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி நூல் சுற்றி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரும்வரை காத்திருப்பீர்கள். நீங்களே கட்டிய பொட்டலத்தை யாரோ தூரதேசத்திலிருந்து அனுப்பியது போல அத்தனை ஆசையாகப் பிரிப்பீர்களே, அது என்ன பழக்கம் அத்தான்?

காவி பெயிண்ட் காய்ந்ததும் வண்டி ஜோராக இருக்கும். எனக்கு அதோடு விட்டால் போதும் என்றிருக்கும். உங்களுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம். வண்டியை வேட்டி முனையில் மறைத்து என் கடைக்குக் கொண்டுவருவீர்கள். துணியில் சலித்த கரிசல் மண், ஊறவைத்த ஆணித்துரு, எஞ்சின் கரி, கருவேலம் பிசின் கரைத்த தண்ணீர், அணில் முடித் தூரிகை. உப்பு வண்டிக்கு அடியில் துரு, அதற்கு மேல் வெள்ளைக் கோடு. மிளகாய் வண்டிக்குக் கதவோரம் செம்பொடி. பருத்தி வண்டியின் கீலில் சிக்கிய ஒரு இழை பஞ்சு. "புதுசா இருந்தா அது பொம்மை, மாப்ளே. வேலைக்குப் போற வண்டி இப்பிடியா மினுக்கும்?" என்பீர்கள். பளபளவென்று இருந்த ஒன்றைப் பாடுபட்டு அழுக்காக்குகிற மனுஷனை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அக்காவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. கேட்டதற்கு, "தெரிஞ்சா அவ நம்மளப் பைத்தியம்னு குத்தாலத்துக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கக் கூட்டிட்டுப் போயிருவா" என்று சிரித்தீர்கள். ஆகவே அவளைப் பொறுத்தவரை, அது என் சைக்கிள் கடை அழுக்கு. தம்பி கடையில் போட்டு உருட்டுகிறார்கள் என்று இத்தனை வருஷமும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிடித்து அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சீயக்காய்த் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு வண்டியாகத் துடைத்து, இடுக்குகளைத் தென்னங்குச்சியால் நோண்டி எடுத்து, மேலுக்குத் தேங்காயெண்ணெயும் தடவி அடுக்கியிருந்தாள். பல்பு வெளிச்சத்தில் ஏழும் மணமேடைக்குப் போகிற மாதிரி மினுங்கின. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு திருப்தியைப் பார்த்தேன்.

"பாருலே. திவசத்துக்கு கூட்ஸ் ஷெட் ஆளுவ எல்லாரும் ரயிலப் பாக்க வாராவளாம். அவிய இருந்தா எம்புட்டு சந்தோசப்படுவாவ."

தண்ணீர் குடித்தேன். பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தண்ணீர் குடித்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று தீர்மானித்திருந்த வேளையில் மீரான் பாய் வந்து சேர்ந்தார்.

மிளகாய் மண்டி மீரான் பாயை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தம் சரக்கு ஏற்றிய வண்டி என்று அந்த நாலாவது வண்டியை உரிமை கொண்டாடுவாரே, கிட்டே போனாலே தும்மல் வருகிறது என்று பாவனை செய்வாரே, அவர்தான். திவசத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்தவர், வழக்கம்போல அலமாரிப் பக்கம் போனார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. கடையில வாங்குனதா? அவரு செஞ்சத எங்கன வச்சிருக்கீய?"

அக்கா சிரித்தாள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மீரான் பாய் பாவம், செருப்பைத் தேடுவது போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அழுக்க அவியளே போட்டாவளா?"

"ஆமாக்கா."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"இருவது வருசமா அவிய அழுக்கத் தொவைச்சவ நான். இத மட்டும் எங்கிட்டச் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. அலமாரியைத் துணி போட்டு மூடிவிட்டாள். "கூட்ஸ் ஷெட் ஆளுவள வர வேண்டாம்னு சொல்லிரு. அவியள ரெண்டாவது தடவ சாகடிச்சவ நான்" என்றாள். அத்தான், அதைக் கேட்டபோது எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவள் பட்டினி கிடந்தாள், நான் தெருவை அளந்தேன், நீங்கள் மாலை போட்ட படத்துக்குள் பேசாமல் இருந்தீர்கள்.

போட்ட அழுக்கை மறுபடி போட்டால் தீர்ந்தது என்று கிளம்பினேன். எண்ணெயைத் துடைத்தெடுத்தேன். உங்கள் மண் டப்பாவும் பிசினும் கடையில் அப்படியே இருந்தன. பருத்தி வண்டியை எடுத்து, உங்கள் தூரிகையால் மேலும் கீழுமாகப் பூசினேன். என் கைதான் தெரியுமே. காய்ந்ததும் எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் அக்கா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ஏதாவது பேசட்டும், திட்டவாவது செய்யட்டும் என்று நினைத்தேன்.

திட்டினாள். "என்னலே இது, சேத்துல பொரண்ட எருமை மாதிரி? அழுக்கு இப்பிடியா புடிக்கும்?"

"வேற எப்பிடிப் புடிக்கும்?"

"பொதி சுமந்தா தோள்ல புடிக்கும். வேர்வ வழிஞ்சா மேலேருந்து கீழ கோடு விழும். நடக்கும்போது கீழேருந்து தெறிக்கும். தொவைச்சுப் பாத்தாத்தான தெரியும் ஒனக்கு." சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. "உப்பு வந்த அன்னிக்கு சட்டை வெறச்சுப்போயி அப்பளமா இருக்கும். மொளகா வந்த அன்னிக்கு நான் தும்மிக்கிட்டே தொவைப்பேன். கரின்னா கழுத்துல ஒரு வளையம் இருக்கும், மூணு தண்ணிக்கும் போகாது." சட்டென்று நிறுத்தினாள். வண்டியைக் கையில் எடுத்தாள். "அந்த மண்ண இங்கன கொண்டா."

அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள். அப்புறம் தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நான் அங்கே போய்விடுவேன். அவள் சொல்லச் சொல்ல நான் அரைக்கிறேன், சலிக்கிறேன், பிசின் கரைக்கிறேன். தூரிகை அவளிடம். மீரான் பாய் மண்டியிலிருந்து மிளகாய்க் காம்புத்தூள் ஒரு பொட்டலம் அனுப்பினார். அதைக் கதவோரம் தட்டும்போது அக்கா நிஜமாகவே தும்மினாள். முதல் முறையாக எனக்கும் உட்கார முடிந்தது. நீங்கள் போட்டது போலவே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஏழும் வேலைக்குப் போய் வந்த வண்டிகள். அதில் சந்தேகமில்லை.

அப்புறம் அந்த எட்டாவது பொட்டலம். நீங்கள் வெட்டிக் கட்டி, பிரிக்காமலே விட்ட கார்டு வண்டி, ரயிலின் வாலில் கொடி காட்டுகிறவர் ஏறுகிற பெட்டி. எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன்? "அது கடைசி வண்டிலா, மாப்ளே. அத மாட்டிட்டா ரயிலு முடிஞ்சிரும்" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். நேற்று அக்கா அதை என் முன்னால் வைத்து நூலை அவிழ்த்தாள். ஒரு துண்டு குறையவில்லை. ஒட்டி, பெயிண்ட் அடித்து, வெயிலில் வைத்தேன்.

காய்ந்த பிறகு மண் டப்பாவை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். கூட்ஸ் ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்களே, அன்று உங்களைக் குளிப்பாட்டும்போது கழற்றிய சட்டை. யாரோ எங்கேயோ போட்டுவிட்டார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டில் ஒரு தூசி விடாமல் துடைக்கிற அக்கா, அதை மட்டும் துவைக்காமல் மடித்து வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, வேண்டாம். அது இருக்கட்டும்."

"இருந்தா கரையான் தின்னுரும். அன்னிக்குப் பருத்திப் பொதி ஏத்துனாவ. தோள்ல பாரு" என்று சொல்லி, பேப்பரை விரித்து, சட்டையை மெல்லத் தட்டினாள். ஒரு சிட்டிகை கரிசல் தூசி, ரெண்டு இழை பஞ்சு. பிசின் தொட்டு, கார்டு ஏறும்போது பிடிக்கிற கம்பியைச் சுற்றி விரலாலேயே பதித்தாள். "இங்கனதான கை வைப்பாவ" என்றாள்.

எட்டு வண்டியும் இப்போது அலமாரியில் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்து பார்க்கட்டும். அக்கா கண்ணாடியை மட்டும் தினம் துடைக்கிறாள். அதை நிறுத்த உங்களாலேயே முடியாது.

ஆனால் ஒன்று, அத்தான். கார்டு வண்டி மாட்டினால் ரயில் முடிந்துவிடும் என்று சொன்னீர்களே, கூட்ஸ் ஷெட்டில் அத்தனை வருஷம் இருந்த உங்களுக்கா தெரியாது, கொக்கியைக் கழற்றினால் அதற்கு முன்னால் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாட்டலாம் என்று? திவசம் முடிந்த மறுநாள் மரத்தகடு வாங்கிவருகிறேன். அளந்து வெட்டி, நீங்கள் கட்டுகிற மாதிரியே பேப்பரில் மடித்து நூல் சுற்றி, அக்கா கையில் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவள் அதைப் பிரிக்க மாட்டாள். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

என்றும் உங்கள் "மாப்ளே",
உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
சைக்கிள் கடை சண்முகம்