உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் போன் பேச்சை வைத்து இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன், இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது, அதனால் மெய்யாகவே எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரி எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி, பட்டறைக்கு நாற்பது பெஞ்சு செய்யும் வேலை வந்திருக்கிறது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, இதெல்லாம் நலத்தில்தான் சேர்த்தி. நலமில்லாதது உன் தங்கை. பதறாதே என்று எழுத வந்தேன், ஆனால் நீ பதறமாட்டாய், உனக்கு இது எட்டு மாதமாகத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது சின்னவளுக்குக் கை நடுங்கி, மூச்சு வாங்கி, எழுந்து நிற்கக்கூட முடியாமல் போயிருக்கிறது. பள்ளியிலிருந்து போன் வந்ததும் சட்டையில் ஒட்டிய மரத்தூளோடு ஓடினேன், அம்மாவும் தையல் கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். பிள்ளைகளின் மனசைக் கவனிக்கவென்று அங்கே ஓர் ஆலோசகர் அம்மா இருக்கிறார், அவர் அறையில் எங்களை உட்காரவைத்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் பின்கால் இணைப்பு விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, சின்ன ஆப்பு ஒன்று வைத்தால் நின்றுவிடும் என்று என் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. எதிரில் நான் பெற்ற மகள் முகம் வெளுத்துப் போய் இருக்கிறாள், எனக்குக் கண்ணில் பட்டது நாற்காலிக் கால். எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று அவர் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "அதெல்லாம் நல்லாத் தூங்குவா, சாப்பிடும்போதுகூடச் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பா" என்றாள். எட்டு மாசமா இல்ல என்றாள் சின்னவள். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், அதட்டலாகத்தான் கேட்டிருப்பேன், என் குரல் உனக்குத் தெரியாதா. அவள் என்னைப் பார்க்காமல் ஆலோசகரைப் பார்த்து, "சொன்னா அப்பா கதவையே கழட்டிடுவாரு, அக்காவுக்குத் தாழ்ப்பாளைக் கழட்டுன மாதிரி" என்றாள். ஆலோசகர் அம்மா என் பக்கம் திரும்பினார். நான் மறுபடியும் அந்த நாற்காலிக் காலையே பார்த்தேன்.

அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியபோது உனக்குப் பதினைந்து, அவளுக்கு ஆறு. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று ஊமையாகிப் போனாய், பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய், உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். உன் உயிர்த்தோழி வகுப்பு மொத்தத்தையும் உனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள் என்பதும், ஒரு வருஷம் உன்னிடம் யாருமே பேசவில்லை என்பதும் எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா, பத்து வருஷம் கழித்து, அந்த ஆலோசகர் அறையில், சின்னவள் வாயால். அன்றைக்கு உன் அத்தை போனில், "வயசுப் பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டு அழுதா அதுக்கு அர்த்தமே வேற" என்று கொளுத்திப் போட்டாள். அவளைச் சொல்லி என்ன, பஞ்சு இங்கே காய்ந்துதான் கிடந்தது. தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், எனக்கு மட்டும் அந்த வயசில் உனக்கென்று ஒரு மனசு தனியாக இருக்கலாம் என்பது உறைக்கவில்லை. நான் தச்சன், கதவு திறக்கவில்லை என்றால் கோளாறு கதவில்தான் என்று நினைக்கிற புத்தி. திருப்புளியை எடுத்தேன், நான்கு திருகாணி, மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கழற்றியதைக் கீழே உருண்டு ஓடாமல் பிடித்துக்கொள் என்று சின்னவள் உள்ளங்கையில்தான் போட்டேன், இந்த வீட்டில் ஒளித்து அழ என்ன இருக்கிறது என்று கத்திக்கொண்டே. அவள் அதை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு மரத்தூளும் பசையும் குழைத்து ஓட்டைகளை அடைத்துச் சாயம் பூசினேன், வேலை சுத்தம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

நீ கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாய். தரை கீறிப் போய்விட்டது என்று அதற்கும் திட்டினேன். கொஞ்ச நாளில் சாப்பாட்டு மேசையில் சிரிக்க ஆரம்பித்தாய், பாடத்திலும் முதல் வரிசைக்கு வந்தாய், என் பெண் தேறிவிட்டாள் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். தேறியது நீ இல்லை, உன் நடிப்பு. படிப்பு முடிந்ததும் எவ்வளவு தூரத்தில் வேலை கிடைக்கும் என்று பார்த்துப் போனாயே, அது சம்பளத்துக்காக என்று இந்த மக்குத் தகப்பன் நம்பினான்.

இதுவரை என் குற்றம். இனிமேல் எழுதப்போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். சின்னவள் தனக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சு அடைக்கிறது என்று முதன்முதலில் சொன்னது உன்னிடம். நீ என்ன சொன்னாயாம், "அப்பாகிட்ட சிரிச்ச முகத்தைக் காட்டு, மார்க் குறையாமப் பாத்துக்கோ, படிப்பு முடிஞ்சதும் இங்க வந்துடு." அவள் அதை மந்திரம் மாதிரி ஒப்பித்தாள். எட்டு மாதம் அப்படியே செய்திருக்கிறாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை எட்டு மாதம் எங்கள் முன்னால் செய்து காட்டியிருக்கிறாள், பரீட்சைக் கூடத்தில் அது முடியாமல் போய்விட்டது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, ஆனாலும் சொல்கிறேன். என்னிடமிருந்து தப்பிக்க நீ கற்ற வழியை அவளுக்கும் கொடுத்தாய், அது உன்னையே காப்பாற்றவில்லை என்று உனக்குத் தெரியும். போன மாதம் அம்மாவிடம் பேசும்போது ரொம்ப நல்லா இருக்கேம்மா என்று மூன்று தடவை சொன்னாய். அன்றைக்கு எனக்கு எண்ணத் தோன்றவில்லை, இப்போது எண்ணுகிறேன்.

வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் போகிறோம். அவளை ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்காதீர்கள், அக்காவைப் பார் என்று சொல்லாதீர்கள், தூங்கவும் நடக்கவும் நேரம் கொடுங்கள், அழுதால் நிறுத்தச் சொல்லாமல் சும்மா இருங்கள் என்கிறார். சும்மா இருப்பதுதான் எங்களுக்கு வரவில்லை. அம்மா அரை மணிக்கு ஒரு தரம், "இப்ப மனசு எப்படி இருக்கு" என்று காய்ச்சல் பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கிறாள், சின்னவள் நூத்தி ரெண்டு என்கிறாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம், தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டேன். போடலாமா என்று ஆலோசகரிடம் கேட்டேன், அவர் சின்னவளிடம் தனியாகப் பேசி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எதுவும் அவளுக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே, சரி போடுங்கள் என்றார். உன் அறைதான் இப்போது அவளுக்கு, அதே கதவு, அதே பழைய தாழ்ப்பாள், பட்டறை டப்பாவில் துருப்பிடித்துக் கிடந்தது. பழைய ஓட்டைகளைத் தேடினேன், என் வேலை அவ்வளவு சுத்தம், எனக்கே அகப்படவில்லை. சாயத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் புதிதாகத் துளை போட்டேன். இனி இது உன்னுடையது, நான் தொடமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் நன்றி என்று சொல்லி, அந்தச் சிரித்த முகத்தைக் காட்டி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்று திருப்புளியைப் பையில் வைக்கப் போனேன். அப்போது கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

அவள் செய்தது தப்பில்லை, திருப்புளி இன்னும் என் கையில்தானே இருந்தது. ஆனால் பத்து வருஷமாக நான் பட்ட அவமானங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஆகவே உன்னிடம் கேட்கிறேன், உத்தரவு இல்லை, கெஞ்சல். சிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள், அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டுவாள். நீ சொன்னதால் ஆரம்பித்தாள், நீ சொன்னால்தான் நிறுத்துவாள். அவளுக்கு போன் போட்டு, நான் சொன்னது தப்பு, எனக்கே அது உதவவில்லை என்று சொல். அப்படிச் சொல்ல வேண்டுமானால் உனக்கு என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறாய் என்பதை நீ முதலில் உண்மையாகப் பேசவேண்டியிருக்கும், தெரிந்துதான் கேட்கிறேன். என்னைத் திட்டிப் பேசினாலும் சரி, நான் பட்டறைக்குப் போய்விடுகிறேன். படிப்பு முடிந்து அவள் உன்னிடம் வருவதானால் நானே ரயில் ஏற்றிவிடுகிறேன், இந்த வீட்டை விட்டு ஓடி வருகிறவளாக மட்டும் வரவேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. நன்றாக இல்லாத நாளில் நன்றாக இல்லை என்று சொல்ல உனக்கு ஓர் ஆள் கிடைக்கட்டும், அது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. மணி அடித்ததும் எடுக்கவில்லை என்றால் வைத்துவிடாதே, அவள் கட்டிலை நகர்த்திவிட்டு வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் தாழ்ப்பாளைக் கழற்றிய
அப்பா