கழற்றாத கண்ணாடி

மார்ச் 3, செவ்வாய்

இன்று கண்ணாடி டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டினேன். நானே எழுதினேன்! எழுபத்தோரு வயதில் என் கையெழுத்து ஒரு பொருளின் மேல் நிற்கிறது. நாலு டப்பாவுக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போகட்டும்.

மகள் ஏரியில் பறவைகளைப் படம் எடுக்கிறவள். நான் துடுப்பு போடுவேன், பையைச் சுமப்பேன், லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஃபில்டர்களை எடுத்துக் கொடுப்பேன். எனக்கு அவை கண்ணாடிகள்தான். காவல் கண்ணாடி லென்ஸில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும். அதைப் போட்டால் மதகில் விழும் தண்ணீர் படத்தில் பால் மாதிரி வரும். போலரைசர்தான் என் செல்லம். அதன் வளையத்தை மெல்லத் திருப்பினால் தண்ணீர் மேல் இருக்கிற பளபளப்பு மறைந்து, அடியில் மீன் தெரியும்.

மனைவி டப்பாக்களைப் பார்த்துவிட்டு, “உப்பு டப்பா, மிளகு டப்பாவுக்கும் ஒட்டி வைங்க. அப்பவாவது சமையல்கட்டுப் பக்கம் வருவீங்க” என்றாள். நாளைக்கு ஒட்டப்போகிறேன்.

மார்ச் 4, புதன்

சின்னக் கேமராவை மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். போலரைசரைப் போட்டு ஒரு மீன் கூட்டத்தை எடுத்தேன். “அப்பா, இது நான் எடுத்ததுன்னு சொல்லிக்கலாமா?” என்று கேட்டாள். வீடு வரும்வரை என் கால் தரையில் படவில்லை.

ஆனால் கண்ணாடி இப்போது கழல மாட்டேன் என்கிறது. மரையில் கோணலாக ஏறிவிட்டது. விழுந்துவிடக் கூடாதே என்று முரட்டுத்தனமாக முறுக்கியது நான்தான். மகளிடம் சொல்லவில்லை. மீன் படத்தைப் பாராட்டிய கையோடு திட்டு வாங்குவானேன்?

மார்ச் 5, வியாழன்

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விடிந்ததும் போனோம். படகுப் பட்டறையின் பின்பக்கக் குழாயிலிருந்து எண்ணெய் வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமைதோறும் அங்கே இன்ஜின் கழுவுகிறார்கள். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் படலம் படலமாகப் படகுவரைக்கும் விரிந்திருந்தது. நாணலில் ஒரு நீர்க்காகம் செத்துக் கிடந்தது. இன்னொன்று சிறகை விரிக்க முடியாமல் விரிக்கப் பார்த்தது. மகள் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கரை சேருமுன் அதுவும் போய்விட்டது.

அதற்கு முன்பு, பெரிய லென்ஸில் பறவையை எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அப்பா, குழாயும் தண்ணியும் சேர்ந்து வர்ற மாதிரி நீங்க எடுங்க. போலரைசரைக் கழட்டிட்டீங்கல்ல?”

“ம்” என்றேன்.

ஒரே ஒரு எழுத்து.

கழற்ற முயன்றேன். முடியவில்லை. கண்ணாடி வெறும் பளபளப்பைத்தானே எடுக்கும்? எண்ணெய் ஒரு பொருள் ஆயிற்றே, அது எங்கே போய்விடும்? இப்படி நினைத்துக்கொண்டு பன்னிரண்டு படம் எடுத்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

ரப்பர் பேண்டை வளையத்தில் சுற்றித் திருகினேன். கழன்றுவிட்டது. ஒரு நாள் முந்திக் கழன்றிருக்கக் கூடாதா?

மார்ச் 7, சனி

மகள் படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். “எண்ணெய் எங்கப்பா? போலரைசர் இல்லாமத்தானே எடுத்தீங்க?”

“ஆமாம்மா.”

“அப்போ காத்து தள்ளிக்கிட்டுப் போயிருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் வார்த்தையை நம்பினாள். வேறு நல்ல படம் இல்லாததால் அதையே புகாரோடு அனுப்பிவிட்டாள்.

மார்ச் 9, திங்கள்

ஏரி அதிகாரியின் அறை. மேசைமேல் என் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார்கள். என் படம்! அதைப் பார்த்து நான் கூசி நிற்க வேண்டிய நாள் வந்தது.

அதிகாரி சொன்னார்: “அடியில கிடக்கிற கூழாங்கல்லக்கூட எண்ணிடலாம்மா. இதுல எண்ணெய் எங்க இருக்கு?”

பட்டறை முதலாளி எட்டிப் பார்த்தார். “குடிக்கலாம் போல இருக்கே! செத்த பறவை எங்க கிடந்துச்சோ, எடுத்துட்டு வந்து எங்க வாசல்ல போட்டு நாடகம் ஆடுறாங்க சார்.”

பதினாறாம் தேதி முடிவு சொல்வார்களாம். பொய்ப் புகார் என்று ஆனால் ஏரியில் படகு விட மகளுக்கு இருக்கிற அனுமதி போய்விடும். ஏரி இல்லையென்றால் அவள் என்ன செய்வாள்? கல்யாண மண்டபத்தில் படம் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு, ஒன்பது வருடமாக இதைத்தானே செய்கிறாள்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். “நான் பார்த்தேன்ல அப்பா? நீங்களும் பார்த்தீங்கல்ல?” என்றாள். தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று சோதித்துப் பார்த்தேன். கறுப்புப் பேசினில் தண்ணீர் நிரப்பி ஜன்னலோரம் வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். வானவில் விரிந்தது. போலரைசரைக் கண்முன் பிடித்துச் சாய்வாகப் பார்த்தபடி திருப்பினேன்.

வானவில் போய்விட்டது. பேசினின் அடியிலிருந்த கீறல் தெரிந்தது. மறுபடி திருப்பினேன் — வந்தது. திருப்பினேன் — போனது.

எண்ணெய் அங்கேயேதான் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அதன் பளபளப்புதான். அதைத்தான் என் செல்லக் கண்ணாடி துடைத்துவிட்டிருக்கிறது. அடப்பாவி, என்ன காரியம் பண்ணிவச்சிருக்க!

மனைவி பின்னால் நின்று, “பாத்திரம் கழுவுற பேசின்ல மிஷின் எண்ணெயா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?” என்றாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 11, புதன்

சொல்ல வாயெடுத்தேன். மூன்று தடவை. தண்ணீர் கேட்டேன், மணி கேட்டேன், மூன்றாவது தடவை இருமினேன்.

மார்ச் 12, வியாழன்

வாயால் சொல்ல முடியவில்லை. காலையில் இந்த நோட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

படித்தாள். என் எழுத்தைப் படிக்க நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு? சத்தமா படியேன்” என்றாள் மனைவி. மகள் நோட்டை மூடினாள்.

“ரெண்டு தடவை கேட்டேனேப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். துடுப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 14, சனி

தனியாகத்தான் போகிறாள். வியாழக்கிழமை குழாயில் எதுவும் வரவில்லையாம். அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

மார்ச் 16, திங்கள்

கூப்பிடாமலே அவள் பின்னால் போனேன். கையில் பேசின், பையில் மிஷின் எண்ணெய். பஸ்ஸில் ஒருவர் “மீன் வாங்கவா பெரியவரே?” என்றார்.

அதிகாரியின் ஜன்னலோரம் பேசினை வைத்து, தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, “தப்பு என்னுது சார். என் பொண்ணு கேட்டப்போ நான் பொய் சொன்னேன். இதைப் பிடிச்சுத் திருப்பிப் பாருங்க” என்றேன். போலரைசரை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் திருப்பினார். குனிந்தார். மறுபடி திருப்பினார்.

“வித்தை காட்டுறாங்க சார்” என்றார் முதலாளி.

“நீங்களும் பாருங்களேன்” என்று அதிகாரி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

என் படம் சாட்சியாகாது என்று தள்ளிவிட்டார்கள். நியாயம்தான். பொய்ப் புகார் என்றும் எழுதவில்லை. வேறு படம் கொண்டு வந்தால் பார்க்கலாமாம். அனுமதி தப்பியது. வரும் வழியில் மகள் பேசினை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 19, வியாழன்

இன்று “வாங்க” என்றாள். போனேன்.

குழாயின் வாயில் புது சிமென்ட். பூச்சு இன்னும் காயவில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. இனி எண்ணெய் வராமல் இருக்கலாம். வந்ததென்று காட்டவும் நம்மிடம் ஒன்றுமில்லை. நாணலில் பழைய கறை ஒரு விரல் உயரத்துக்கு இருக்கிறது. அதைப் படம் எடுக்கச் சொன்னாள்.

இனி ஒவ்வொரு படத்துக்கும் நேரமும் கண்ணாடியும் நான் நோட்டில் குறிக்க வேண்டுமாம். முதல் படத்துக்கு, “கண்ணாடி இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கை நீட்டி லென்ஸின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். இரண்டாவதற்கும் தடவினாள். மூன்றாவதற்கும்.

ஏழாவது படத்தின்போது ஒரு நீர்க்காகம் சிமென்ட் பூசிய குழாய்மேல் வந்து உட்கார்ந்து சிறகை விரித்தது. அவள் கண் பெரிய லென்ஸிலேயே இருந்தது. திரும்பவில்லை, கை நீட்டவில்லை.

“அப்பா, கண்ணாடி?”

“இல்லை” என்றேன். மூன்று எழுத்தையும் முழுசாகச் சொன்னேன்.